தலைக்குப் பூ, உடம்புக்குத் தீட்டு



தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதர் சீர் அனுப்புவார். பட்டு, மாலை, மஞ்சள், பழம் என்று தட்டுத் தட்டாக வரும். கரையில் நிற்கிற சனம் 'அண்ணன் வீட்டுச் சீர் வந்துருச்சு' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். இயக்கம், நாத்திகம், மார்க்சியம் எல்லாம் பேச ஆரம்பித்த பிறகும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அம்மாவை வேறு யார் கூட்டிப்போவது?

கொடியேற்றத்துக்கு ஆட்டுக்கிடாயோடு வருகிற சனத்தின் தெய்வம் எப்படிப் பெருமாளுக்குத் தங்கச்சி ஆனாள்? தலபுராணத்தில் இரண்டு கதை இருக்கிறது. கண்ணனுக்குப் பதிலாக மாற்றி வைக்கப்பட்டு, கம்சன் கையில் சிக்கிய பெண்குழந்தைதான் இவள் என்பது ஒன்று. ஸ்ரீரங்கத்துக்குள் வைஷ்ணவி என்ற பெயரில் இருந்தவள், உக்கிரம் தாங்க முடியவில்லை என்று வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள், தூக்கிவந்தவர்கள் கண்ணனூரில் இறக்கி வைத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் அவள் வீட்டைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவள். அனுப்பிய வீட்டிலிருந்து வருசத்துக்கு ஒருநாள் சீர்.

இந்தப் பெருமாள் உறவை ஊரே மார்தட்டிச் சொல்கிறது. மாரியம்மாளுக்கு இன்னொரு உறவு உண்டு. அதைச் சமயபுரத்து மண்டபத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரேணுகாவின் கதை உங்களுக்குத் தெரியும். ஜமதக்கினி முனிவர் பெண்டாட்டியின் கற்பில் சந்தேகப்பட்டு, மகன் பரசுராமனிடம் அவள் தலையை வெட்டச் சொல்கிறார். அவள் ஓடுகிறாள். ஊருக்குள் ஒருவனும் கதவு திறக்கவில்லை போலிருக்கிறது, சேரிக்குத்தான் ஓடுகிறாள். அங்கே ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். பறையர் வீட்டுப் பெண் என்று சில ஊரில் சொல்வார்கள், அருந்ததியர் வீட்டுப் பெண் என்று சில ஊரில். பரசுராமன் இரண்டு தலையையும் சேர்த்தே வெட்டுகிறான். அப்பனிடம் வரம் வாங்கி அம்மாவை எழுப்ப வந்தவன் அவசரத்தில் தலையை மாற்றி ஒட்டிவிடுகிறான். ரேணுகாவின் தலை, சேரிக்காரியின் உடம்பு. அப்படி எழுந்தவள்தான் மாரி.

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வைகாசி மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் இந்தக் கதை இன்றைக்கும் நடக்கிறது. சிரசு ஊர்வலமாக வந்து உடம்பில் பொருத்தப்படும். அந்த உடம்புக்கு அங்கே வழங்குகிற பெயர் 'சண்டாளச்சி உடல்'. 1782-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியப் பயண நூல் ஒன்று வெளியிட்டார். அதில் இந்தக் கதை இருக்கிறது. அதைப் படித்த ஜெர்மன் கவிஞர் கதே 1824-இல் 'பறையன்' என்ற தலைப்பிலேயே கவிதை வெளியிட்டார். கடல் தாண்டிப் போன கதை கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போகவில்லை.

ரேணுகாவுக்குப் பெயர் இருக்கிறது, புருசன் பெயர் இருக்கிறது, மகன் அவதாரமே ஆகிவிட்டான். அடைக்கலம் கொடுத்ததற்காகக் கழுத்தறுபட்டவளுக்குப் பெயர் இல்லை. அவளுக்கும் புருசன் பிள்ளை இருந்திருக்கும். அவர்களிடம் போய் எந்த முனிவனாவது ஒரு வார்த்தை சொன்னானா?

இதெல்லாம் எனக்கு என்ன என்று கேட்பீர்கள். என் வீட்டுக் கதையும் இதுதான், அதனால் கேட்கிறேன்.

என் அம்மாயி சமயபுரத்துக்குப் பக்கத்துச் சேரிக்காரி. பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்காரர் வீட்டில் ஆயா வேலை பார்த்தவள். ஆங்கிலோ இந்தியர் என்று அரசாங்கம் எழுதுகிறவர்களைத் திருச்சியில் சட்டைக்காரர் என்றுதான் சொல்வோம். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1928-இல். என்ஜின் ஓட்டுகிற வேலை, ஃபோர்மேன் வேலை சட்டைக்காரருக்கு, கரி அள்ளுகிற வேலை நம்மாளுக்கு என்று வெள்ளைக்காரன் அங்கேயும் ஒரு வர்ணாசிரமம் வைத்திருந்தான். அம்மா பிறந்தது 1946. 'சங்கத் திடல்ல சுட்டாங்களே, அந்த வருசம்' என்றுதான் அவள் பிறப்பைச் சேரியில் கணக்குச் சொல்வார்கள். அந்த வருசம் செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலைத் தொழிலாளர்கள் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அம்மாவின் அப்பன் அந்தக் காலனி வீட்டு ஆள். சில வருசத்தில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அம்மாயி சேரியிலேயே இருந்தாள்.

அம்மாவுக்குப் பூனைக்கண். செம்பட்டை முடி. சேரியில் 'சட்டைக்கார மவ' என்றுதான் பெயர். சொன்னார்களே தவிர ஒதுக்கவில்லை. மாமன்கள் மடியில் உட்கார்த்திக் காது குத்தினார்கள், கல்யாணத்துக்கும் நின்றார்கள். பதினாறு பதினேழு வயதில் நடவுக்குப் போன இடத்தில், அடுத்த ஊர் டீக்கடையில் நடந்ததை அம்மா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். நம்மாளுக்குத் தனிக்குவளை வெளியே கம்பத்தில் தொங்குமே, அதை எடுக்கக் கை நீட்டியிருக்கிறாள். நிறத்தைப் பார்த்து ஏமாந்த கடைக்காரன், 'நீ ஏம்மா அதத் தொடுற, உள்ள வந்து உக்காரு' என்று கண்ணாடிக் கிளாஸில் டீ கொடுத்தானாம். அம்மா பேசாமல் குடித்திருக்கிறாள். பாதி குடிக்கும்போது யாரோ வந்து 'இது அந்தச் சேரிப் புள்ளயில்ல' என்று சொல்ல, கிளாஸைப் பிடுங்கி வாசலில் போட்டு உடைத்திருக்கிறான். 'டீ நல்லா இருந்துச்சுடா, முழுசாக் குடிக்க முடியல' என்று சொல்லி அம்மா சிரித்தாள். அவள் சிரித்ததுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

தோலைப் பார்த்து உள்ளே கூப்பிட்டவன் யாரைத் தெரிந்ததும் வெளியே தள்ளினான்? அவள் அப்பன் வெள்ளைக்கார வம்சம் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது அம்மாயி.

அரசியல் சட்டம் இதையே தலைகீழாகச் செய்கிறது. 366(2)-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும், இந்தியாவில் பிறந்து இங்கேயே குடியிருக்க வேண்டும், அவர்தான் ஆங்கிலோ இந்தியர். 1935 சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்த வரையறை, பெரிய மாற்றமில்லாமல் நமக்கும் வந்து சேர்ந்தது. ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளைக்காரன், அதற்குப் பிறகு ஏழு தலைமுறையும் தமிழச்சிகள் என்றாலும் ஆண் வழி அறுபடாமல் இருந்தால் போதும். வெள்ளைக்காரி ஒருத்தி நம்மூர்க்காரனைக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளை அந்தக் கணக்கில் வராது. இந்தக் கணக்குப்படி என் அம்மா ஆங்கிலோ இந்தியர், காகிதம் மட்டும் இல்லை. நான் இல்லை, ஏனென்றால் எனக்கு அது அம்மா வழி. அம்மாயி எந்தக் கணக்கிலும் இல்லை.

இலங்கையிலும் இதே சங்கதிதான். பறங்கியர் என்பவர் யார் என்ற கேள்வி வந்தபோது, ஆண் முன்னோர் டச்சுக்காரரோ போர்த்துக்கீசியரோ வேறு ஐரோப்பியரோ ஆக இருந்து, முறையான மணத்தில் பிறந்திருந்தால் போதும், பெண்கள் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று 1830 வாக்கில் அங்கே தலைமை நீதிபதியாக இருந்த ஓட்லி விளக்கம் சொன்னார். யாராக இருந்தாலும்! அந்த 'யாராக இருந்தாலும்' என்பதற்குள் எத்தனை பொம்பளைகள் புதைந்து கிடக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

இந்தக் கலப்பு எங்கோ சென்னைக் கோட்டைக்குள் மட்டும் நடந்ததில்லை. 1752 ஏப்ரலில் ராபர்ட் கிளைவ் படையோடு வந்து முகாம் போட்டது இதே சமயபுரத்தில். ராத்திரியில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து தாக்க, மயிரிழையில் தப்பினான். அந்தப் பக்கம் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயிலின் வெளிச்சுற்றுகளுக்குள்ளேயே முகாம் போட்டிருந்தது. (அந்தப் பட்டாளத்துக்காரன் பூட்ஸ் காலோடு நின்ற இடத்துக்குள் நம்மாள் சட்டப்படி கால்வைக்க 1947 கோயில் நுழைவுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) அந்தக் காலத்துப் படைகளில் தொப்பாசிகள் என்று ஒரு பிரிவு உண்டு. தொப்பி போட்டதால் அந்தப் பெயர் என்பார்கள், துபாஷி என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. போர்த்துக்கீசியக் கலப்பில் வந்தவர்கள், கறுப்புத் தோல், கிறித்துவப் பெயர். அவர்களைப் பெற்றவர்கள் இந்த மண்ணின் பெண்கள்.

கம்பெனிக்காரன் இதைத் திட்டம் போட்டே செய்தான். 1687-இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்குக் கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வதை ஊக்கப்படுத்துங்கள், பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்றார்கள். சிப்பாய்கள் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கப் பெண்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் கத்தோலிக்கராகிவிடுவார்களோ என்பது அவர்கள் கவலை. ஒரு வராகன் வாங்கிக்கொண்டு கோட்டைக்குள் குடித்தனம் போனவள் ஊர்த்தெரு வீட்டுப் பெண்ணாக இருந்திருப்பாளா, சேரிப் பெண்ணாக இருந்திருப்பாளா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். வெள்ளைக்காரன் வீட்டுச் சமையல்கட்டிலும் குதிரைலாயத்திலும் 'தீட்டு' பார்க்காமல் வேலைக்கு நின்றது நம் சனம்தான்.

நூறு வருசத்தில் தேவை முடிந்தது. 1786-இல் கலப்புப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகத் தடை. 1791-இல் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படை உத்தியோகங்களில் தடை. 1795-இல் பட்டாளத்தில் சேர்ந்தால் குழல் ஊதலாம், மேளம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், அவ்வளவுதான் என்று உத்தரவு. மேளம் அடிக்கிற வேலை! கீழே தள்ளுகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் கையில் ஒரு மேளத்தைக் கொடுத்துத்தான் தள்ளுகிறான்.

அந்தத் தாய்மார்களின் தடம் ஆவணங்களில் எப்படி இருக்கிறது என்று துர்பா கோஷ் என்ற வரலாற்று ஆய்வாளர் 2006-இல் ஒரு நூல் எழுதினார். பெரும்பாலும் வங்கத்து ஆவணங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில், உயிலில், அப்பனுக்கு முழுப்பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய்க்கு ஒற்றைக் கிறித்துவப் பெயர், அல்லது வெறுமனே 'உள்ளூர்ப் பெண் ஒருத்தி'. குடியாத்தத்து உடம்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சட்டைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை வெள்ளைக்காரன் ஏமாற்றினான், நம்மாட்கள் கேலி செய்தார்கள். 2019 டிசம்பரில் சட்ட அமைச்சர் நாடாளுமன்றத்தில் 2011 கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க 296 ஆங்கிலோ இந்தியர்தான் என்றார். பொன்மலைக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று எண்ணியிருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது. அதை வைத்தே மக்களவையில் இரண்டு, சட்டமன்றங்களில் ஒன்று என்றிருந்த நியமன இடங்களை 104-ஆவது திருத்தத்தில் 2020 ஜனவரியோடு முடித்துவிட்டார்கள். ஒரு சிறுபான்மையின் குரலை எண்ணிக்கை சொல்லி நெரிக்கிற இந்த வேலையை நாம் எதிர்த்திருக்க வேண்டும். நம் பத்திரிகைகளில் யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

ஆனால் கலப்பு என்றாலே இழிவு என்று ஆக்கியவன் வெள்ளைக்காரன் இல்லை. அவனுக்கு முன்னாலேயே மனு எழுதிவைத்துவிட்டான். பத்தாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்குதான். சூத்திரனுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்கிறான். அதாவது நம்மைத் தீண்டாதவராக்க அவன் கண்டுபிடித்த காரணமே கலப்புதான். சாதி கலந்தால் என்ன ஆகும் என்று ஊருக்குக் காட்டுகிற பயமுறுத்தல் பொம்மையாக நம்மை நிறுத்திவைத்தான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1924-இல் போட்ட சட்டமும் ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் கலந்தாலும் வெள்ளையன் இல்லை என்றது. அங்கே 1967-இல் உச்சநீதிமன்றம் கலப்பு மணத் தடையையே தூக்கிப்போட்டது. மனுவை நாம் 1927-இல் மகத்தில் கொளுத்தினோம், சட்டப் புத்தகத்திலிருந்தும் எடுத்தாயிற்று. இளவரசனின் உடம்பு 2013-இல் தர்மபுரித் தண்டவாளத்தோரம் கிடந்தது, கோகுல்ராஜின் உடம்பு 2015-இல் பள்ளிபாளையம் தண்டவாளத்தில் கிடந்தது, சங்கரை 2016-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டினார்கள். பரசுராமன்கள் இன்னும் அரிவாளோடுதான் திரிகிறார்கள்.

அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் 1936-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அந்நியக் கலப்பு இல்லாத சாதியே இல்லை என்று டி.ஆர். பண்டார்கரின் ஆய்வைக் காட்டினார். சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனவழி என்றார். 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஹைதராபாத் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது, ஏறக்குறைய 4200 வருசம் முன்பிலிருந்து 1900 வருசம் முன்பு வரை இங்கே பெரிய அளவில் கலப்பு நடந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் சாதிக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்கிறது. கலந்தது முதலில், பூட்டியது பின்னால்.

உடனே ஒரு கூட்டம் ஓடிவரும். 'பார்த்தீங்களா, எல்லாரும் கலப்புதான், அப்புறம் எதுக்குச் சாதி பேசுறீங்க, எதுக்கு இடஒதுக்கீடு?' என்று. இந்தச் சாமர்த்தியம் நமக்குத் தெரியாததில்லை. டீ கிளாஸ் உடைந்தது மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்து இல்லை. இடஒதுக்கீடு ரத்தத்துக்குக் கொடுக்கிற கூலியும் இல்லை. 2012-இல் உச்சநீதிமன்றம் ரமேஷ்பாய் நாயிகா வழக்கில் ஓரளவு இதைத் தொட்டது. தாய் பழங்குடி, தகப்பன் வேறு சாதி. பிள்ளை அப்பன் சாதிதான் என்று முன்கூட்டி முடிவுகட்டக் கூடாது, தாயின் சமூகத்தில் வளர்ந்து அந்த இழிவையும் இல்லாமையையும் அனுபவித்தானா என்று பார்க்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் கலப்பு மணப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவர் சாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள அரசாணை இருக்கிறது. இருந்தும், தனியாகப் போய் நிற்கிற அம்மாவிடம் 'அப்பா சர்டிபிகேட் எங்க?' என்றுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் நம் படிப்பு வட்டத்துக்கு ஒரு மாணவி வந்தார். அப்பா பிற்படுத்தப்பட்ட சாதி, அம்மா நம் சாதி. அப்பா வீட்டில் இன்றுவரை சேர்க்கவில்லை. எல்லோரும் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: 'தோழர், நீங்க நாம நாமன்னு சொல்றீங்களே, அதுல என்னையும் சேர்த்துத்தான் சொல்றீங்களா?' கூட்டத்தில் சத்தமே இல்லை. ஏனென்றால் அவர் முதுகுக்குப் பின்னால் 'அது பாதிதானே' என்று சொன்ன வாய்கள் அங்கேயே இருந்தன. என் வாயும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்ன வாய்தான். யார் அசல் தலித், யார் பாதி தலித் என்று நாமும் தராசு தூக்குகிறோம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே பெண் கொடுக்க யோசிக்கிறோம். 'ஆதி திராவிடர்' என்ற பெயரை எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 1922-இல் வாங்கித்தந்தார். மண்ணின் மூத்தகுடி என்று தலைநிமிர்ந்து சொல்ல அந்தப் பெயர் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டும். அதை 'கலப்பில்லாத சுத்த ரத்தம்' என்று நாமே திரித்துக்கொண்டால் மனுவின் தராசைத்தான் கையில் பிடித்திருக்கிறோம்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். உன் அப்பாவை மறைக்க வேண்டாம். அவர் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல். சொல்லும்போது அம்மாவை முதலில் சொல். அப்பன் வழியைச் சொல்ல கெஜட் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. அம்மா வழியைச் சொல்ல உன் வாயை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஊருக்கு உபதேசம் பண்ணியாயிற்று, நம் கதை என்ன என்று உறுத்தியது. இவ்வளவு எழுதியும் அம்மாயியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அந்தச் சட்டைக்காரர் கட்டிக்கொண்டாரா, ஏமாற்றினாரா, பலவந்தம் பண்ணினாரா, அம்மாயிக்குப் பிரியம் இருந்ததா எதுவும் எனக்குத் தெரியாது. ஆயா வேலைக்கு நின்ற ஒருத்தி வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்பது மட்டும் அடிக்கடி தோன்றும். அம்மா எழுபத்தொன்பது வயதிலும் அந்தப் பேச்சை எடுத்தால் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

தலையங்கத்தை எழுதிமுடித்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். டீக்கடை வந்த இடத்தில் 'பித்தளக் குவள இல்ல, கொட்டாங்கச்சி' என்று திருத்தினாள். குடியாத்தம் கதையை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். நான் பித்தளை என்று எழுதியிருந்ததைக் 'குவளை' என்று மட்டும் மாற்றிவைத்தேன், கொட்டாங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், அம்மாயி பேரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், 'ஒம் புத்தகத்த ஊர்த்தெருவுல படிப்பாங்களா?' என்றாள்.

'ஒருசிலர் படிப்பாங்கம்மா.'

'பொன்மலையில?'

'அங்கயும் நாலஞ்சு பேருக்குப் போகுது.'

'சரி, அடுத்த மாசம் கேளு' என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டாள்.